ஹயாட்டஸ் ஹெர்னியா: மாத்திரையா, தலைமாட்டு உயரமா, அறுவை சிகிச்சையா?

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘ஹயாட்டஸ் ஹெர்னியா’ என்று கண்டதும் அறுவை சிகிச்சைதான் வழி என்று கலங்குவோர் பலர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறுவதே இந்த நோய். பெரும்பாலும் அது ஏறி இறங்கும் நழுவு வகையாகவே இருக்கும். இந்த வகை உள்ளவர்களில் பலருக்குத் தொல்லையே தெரிவதில்லை.

தொல்லை உள்ளவர்கள் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். சாப்பிட்டபின் நெஞ்சுக்குழியிலிருந்து மேலேறும் காந்தல் ஒன்று. குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதோ படுத்தவுடனோ புளித்த நீர் தொண்டைவரை வரும் எதுக்களிப்பு மற்றொன்று.

காந்தலுக்கு மாத்திரையே வலுவானது. அமிலமுறிவு மருந்து சில நிமிடங்களில் ஆற்றினாலும் அதன் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஃபாமோடிடின் எப்போதாவது வரும் இரவுத் தொல்லைக்கு ஏற்றது. நாள்தோறும் எடுத்தால் சில வாரங்களில் வீரியம் குறையும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகைகள் இவ்விரண்டையும் விஞ்சுபவை. ஆனால் அவற்றை இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று வருந்துவோர் உண்டு; உணவு தூண்டும் நேரத்தில்தான் அமிலச் சுரப்பிகளை அவை அடக்கும் என்பதால், சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பே எடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் பி12, மெக்னீசியம் ஆகியவை குறையலாம். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கலாம்.

எனினும் மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கிறது, மேலேறும் நீரைத் தடுப்பதில்லை. எரிச்சல் அடங்கியும் எதுக்களிப்பு நீடிப்பவர்களுக்கு மருந்தளவைக் கூட்டுவதைவிடப் படுக்கையை மாற்றுவதே முதலில் செய்யத்தக்கது என்பது என் உறுதியான கருத்து. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் இரண்டிரண்டு செங்கல் அடுக்கினால் ஏறக்குறைய 6 அங்குல உயரம் கிடைக்கும். பாயில் படுப்பவர்களுக்குச் சரிவு மெத்தை உதவும். தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது, ஏனெனில் இடுப்பு மடிந்து வயிற்றில் அழுத்தம் கூடும். இரவு உணவை உறங்குவதற்கு 3 மணி நேரம் முன்பே முடிப்பதும், இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும், தொப்பையைக் குறைப்பதும் உண்மையாகவே பலன் தரும்.

இவற்றுக்கும் எதுக்களிப்பு அடங்காதபோது அறுவை சிகிச்சை முன்னுக்கு வருகிறது. அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்ட முறைப்படி இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி முழுதாகப் போர்த்துகிறார்கள். டூபே முறையில் 270 பாகை மட்டுமே போர்த்துவார்கள். எதுக்களிப்பைத் தடுப்பதில் மாத்திரையை அறுவை சிகிச்சை மிஞ்சும். ஆனால் சிலருக்கு விழுங்கச் சிரமம், ஏப்பம் வராமல் வயிறு உப்புதல் ஆகியவை வரும். முழுப் போர்வையில் இவை அதிகம். இரைப்பை உணவுக்குழாயின் பக்கவாட்டில் ஏறிய வகையில் தொல்லை இருந்தாலோ அறுவை சிகிச்சையே முதல் தெரிவு.

வியர்வையோடு நெஞ்சுவலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் ‘வாயு’ என்று இருந்துவிடாமல் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். உணவு சிக்குதல், கருமலம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றுக்கு மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். கடும் வலியோடு குமட்டியும் வாந்தி வெளிவராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.