கம்போடியக் கிராமத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2024 ஏப்ரலில் கம்போடியாவின் சியெம் ரீப் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளியில் நான்கு வாரம் தன்னார்வலராக ஆங்கிலம் கற்பிப்பதற்காக, ஒரு முகவர் நிறுவனத்துக்கு 1,180 அமெரிக்க டாலர் கட்டினேன். விமானச் சீட்டு, விசா, காப்பீடு எல்லாம் இதற்கு மேல். அந்த நான்கு வாரத்தில் பள்ளி நடந்தது 11 நாள்கள்தான். அவற்றில் முதல் இரண்டு நாள் நான் நடத்திய பாடத்தை எனக்கு முன் வந்த 14 பேர் அதே பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நடத்தியிருந்தார்கள். நான் கட்டிய பணத்தில் ஒரு ரியல்கூடப் பள்ளிக்குப் போகவில்லை. இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விடுப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே முறையில் இன்னும் சிலரும் ஆள் சேர்க்கிறார்கள் என்பதால், அந்த முறையை அடையாளம் காணும்படி எழுதுவதே இங்கு என் நோக்கம்.

இருபத்தோரு ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறையில் ஆசிரியராக ஒரு நாளும் நின்றதில்லை. விண்ணப்பத்தில் அதை மறைக்கவும் இல்லை. முன் அனுபவம் தேவையில்லை, ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்று பதில் வந்தது. கடவுச்சீட்டின் நகல், வந்து சேரும் தேதி, சட்டை அளவு ஆகிய மூன்றை மட்டும் கேட்டார்கள். நேர்காணல் இல்லை, என்னைத் தெரிந்த ஒருவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை, காவல்துறை நன்னடத்தைச் சான்று பற்றிப் பேச்சே எழவில்லை. குழந்தைகளோடு ஒரு மாதம் இருக்கப்போகும் அந்நியரிடம் கேட்டே ஆக வேண்டியவை இவை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் காட்டிய அவசரத்தை அன்பான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கூடுதலாக 90 டாலருக்கு 20 மணி நேர இணையவழிச் சான்றிதழ் ஒன்றையும் விற்றார்கள். இந்தத் துறையில் பொதுவாக மதிக்கப்படுவது 120 மணி நேரப் பயிற்சி. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழுக்கு, பயிற்றுநர் பார்த்து மதிப்பிடும் நேரடி வகுப்புகளையே ஆறு மணி நேரம் நடத்திக் காட்ட வேண்டும். நான் வாங்கியதில் பிள்ளைகள் முன்னால் நின்று பேசும் பயிற்சி ஒரு நிமிடம்கூட இல்லை.

விசா விஷயத்திலும் தவறான வழியையே காட்டினார்கள். 30 டாலர் சுற்றுலா விசாவே போதும், நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதுங்கள், பள்ளியைப் பற்றிக் குறிப்பிட வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதினார்கள். சுற்றுலா விசா வகுப்பெடுப்பதற்கானது அல்ல. ஊதியம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். 35 டாலரில் கிடைக்கும் சாதாரண விசா வேறு வகை, வேலை அனுமதி அதற்கும் மேல் தனியாகப் பெற வேண்டியது. எங்காவது சோதனை நடந்திருந்தால் பொய் எழுதியவள் நான் ஒருத்தியாகவே அகப்பட்டிருப்பேன். குடிவரவுப் படிவத்தில் உண்மையை எழுத வேண்டாம் என்று ஓர் இடத்தில் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

ஏப்ரல் 6ஆம் தேதி வந்து சேரும்படி நாள் குறித்துக் கொடுத்தவர்கள் அவர்களே. நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் கம்போடியர்களின் கெமர் புத்தாண்டும் தாய்லாந்தின் சொங்கிரானும் வருகின்றன. அந்த ஆண்டு கம்போடியாவில் புத்தாண்டு 13 முதல் 16 வரை. நகரத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்புவதால் அதற்கு முன்னும் பின்னும் கிராமத்தில் வகுப்பு நடப்பது அரிது. நான் சென்ற பள்ளி 8, 9 தேதிகளில் நடந்தது. பிறகு 21 வரை மூடியிருந்தது. மே 1 தொழிலாளர் தினம். இதெல்லாம் ஆண்டுதோறும் வருகிற, நாள்காட்டியில் அச்சிட்டிருக்கிற விடுமுறைகள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, விடுமுறை என்பது பண்பாட்டை நெருங்கி அறியும் வாய்ப்பு என்று எழுதினார்கள். புத்தாண்டில் நான் தங்கியிருந்த வீட்டார் என்னைத் தங்களில் ஒருத்தியாக நடத்தியது உண்மை, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனால் அந்த உபசரிப்புக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

பள்ளி என்பது தேசிய நெடுஞ்சாலை 6இலிருந்து விலகி, செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் இரண்டு தகரக்கூரை அறைகள். கம்போடிய அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் காலை, மாலை என்று இரு முறைகளாக நடப்பதால், பிள்ளைகள் தங்களுக்கு ஓய்வான அரை நாளில் இங்கே ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். ஏப்ரல் வெயிலில் தகரத்தின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு முப்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாடநூல் இல்லை, பாடத்திட்டம் இல்லை. நிறுவனத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் என்னை அறை வாசலில் இறக்கிவிட்டு, உங்களுக்குப் பிடித்ததை நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்ததை நடத்தினேன். பெயரைக் கேட்பது, நிறங்கள், உடலுறுப்புகளைத் தொட்டுப் பாடும் பாட்டு. பிள்ளைகள் பிழையில்லாமல் பாடினார்கள், சிரித்தார்கள், நான் அன்று மகிழ்ச்சியோடு உறங்கினேன். இரண்டாம் நாள் முடிந்ததும் அந்தப் பள்ளியின் ஆசிரியை, இருபத்தைந்து வயதிருக்கும் பெண், ஒரு நீலநிறக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். வந்த தன்னார்வலர் ஒவ்வொருவரின் பெயரும், தங்கிய நாள்களும், நடத்திய பாடமும் அவர் கையெழுத்தில் இருந்தன. பதினான்கு பெயர்கள். அவற்றுக்கு எதிரே பதினான்கு முறை அதே பெயர் கேட்கும் பாடம், அதே நிறங்கள், அதே பாட்டு. இரண்டு ஆண்டுகளாக வரும் பிள்ளைகளில் பலரால் ஐந்து சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையிலிருந்து படிக்க முடியவில்லை. "ஒவ்வொருவரும் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள், போங். அவர்கள் போன பிறகு நான் தொடர வேண்டும். எதைத் தொடர்வது?" என்றார். போங் என்பது வயதில் மூத்தவரை உடன்பிறந்தவர்போல் அழைக்கும் சொல். அந்தக் குறிப்பேட்டை நிறுவனம் ஒரு முறையும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

விடுமுறை முடிந்து திரும்பியபின், வகுப்பை நீங்கள் எடுங்கள், நான் உதவிக்கு நிற்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் எது கற்பித்தல் என்று பார்த்தேன். அவர்களுடைய மொழியான கெமரில் சொல்லின் இறுதியில் வரும் ஸ் ஒலி காற்றாகக் கரைந்துவிடும். ஆகவே பிள்ளைகளின் வாயில் ரைஸ் என்பது ரை என்றே முடிகிறது, பன்மையைக் காட்டும் ஒலியும் அதோடு போய்விடுகிறது. வினைச்சொல் காலத்துக்கேற்ப வடிவம் மாறாத மொழி என்பதால் நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே வினையில் சொல்கிறார்கள். மாறாக, நம் பிள்ளைகள் ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்று சொல்லித் தடுமாறும் இடத்தில் இவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை, ஏனென்றால் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது கெமரில் அன்றாட வழக்கம். இதையெல்லாம் அந்த ஆசிரியை அறிந்திருந்தார். அதற்கேற்பப் பயிற்சி கொடுத்தார். அப்படிப்பட்டவரைத்தான் ஒவ்வொரு மாதமும் ஒரு புதியவருக்காகச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். ஆசிரியரை அங்கே க்ரு என்கிறார்கள், நம் குரு என்ற சொல்தான் அது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டு, ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் மாண்டும் நாட்டைவிட்டு ஓடியும் போன ஒரு நாட்டில், மீண்டும் ஊன்றி வளர்ந்த ஓர் ஆசிரியை அவர். அவருக்குரிய இடத்தில் நான் நின்றதை நினைக்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

புத்தாண்டு விடுமுறையில் நிறுவனத்தார் என்னையும் மற்ற தன்னார்வலர்களையும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப்போய் ஆளுக்கு 25 டாலர் வாங்கினார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆடினார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முன்பின் தெரியாத என் மடியில் வந்து ஏறி அமர்ந்தாள். அதைப் பாசம் என்றே அன்று நினைத்தேன். வந்து வந்து போகும் முகங்களுக்குப் பழகிய குழந்தைகள் அப்படித்தான் ஒட்டிக்கொள்வார்கள் என்பதைப் பின்னால் படித்தறிந்தேன். கம்போடியாவில் இத்தகைய இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக 2011இலேயே யுனிசெப் எடுத்துக்காட்டியது. பார்வையாளர் பணம் கொண்டுவருவதால் ஏழைப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைக் கேட்டு வாங்கி வைக்கிறார்கள். 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் இந்த இல்லங்களுக்குத் தன்னார்வலர் செல்வதால் விளையும் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. திட்டத்தில் இல்லம், அநாதைப் பிள்ளைகள் என்ற சொற்கள் இருந்தால் போகவே போகாதீர்கள்.

பணம் எங்கே போயிற்று என்பதை நானே ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தங்கவைத்த குடும்பத்துக்கு உணவோடு சேர்த்து நாளொன்றுக்கு 6 டாலர், 28 நாளுக்கு 168. விமான நிலையத்திலிருந்து வந்த காருக்கு 35. பள்ளிப் பங்களிப்பு என்று ரசீதில் 200 டாலர் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு தொகை இருப்பதே ஆசிரியைக்குத் தெரியாது. சுண்ணக்கட்டி வாங்கும் செலவு அவர் கைக்காசு.

கட்டணம் வாங்குவதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஒருங்கிணைப்புக்கும் செலவு உண்டு. ஆனால் பணம் அனுப்புமுன் பள்ளி ஆசிரியரோடு காணொளியில் நேரடியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பள்ளி நாள்காட்டியையும், உங்களுக்கு முன் வந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் காவல்துறைச் சான்றை அவர்கள் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்க முடியும் என்றால் வகுப்பெடுக்கும் வேலையை ஏற்காமல், உள்ளூர் ஆசிரியரோடு ஆங்கிலத்தில் உரையாடிப் பழகும் வேலையாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான் அங்கே செய்தவற்றில் உருப்படியானது மாலை நேரத்தில் அந்த ஆசிரியையோடு பேசியதுதான் என்று அவரே சொன்னார்.

நான் வங்கி வழியாக வேறொரு நாட்டிலுள்ள கணக்குக்கு மொத்தத் தொகையையும் அனுப்பியிருந்தேன். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். திட்டம் தொடங்கியபின் பணம் திருப்பித் தரப்படாது என்ற ஒரே வரியை ஐந்து கடிதங்களுக்கும் பதிலாக அனுப்பினார்கள்.

அவர்களுடைய விளம்பரத்தில் இப்போது என் படம் இருக்கிறது. கரும்பலகை முன் நான் நிற்க, பிள்ளைகள் கை உயர்த்தி அமர்ந்திருக்கும் படம். எடுத்துவிடும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். பிள்ளைகளின் முகங்கள் இருப்பதையும், அவர்களுடைய பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். படம் அங்கேயே இருக்கிறது. அது ஏப்ரல் 11ஆம் தேதி எடுத்தது. அன்று பள்ளி விடுமுறை. பொறுப்பாளர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்து உட்கார வைத்தார். படம் எடுத்து முடிந்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு போனார்.