கொழுப்புச் செல்லின் அழற்சிக்கு எது உதவும்: மஞ்சளா, கொள்ளா, வைட்டமின் ஈ மாத்திரையா?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி கொங்கு நாட்டுச் சமையலறைகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதே கொழுத்தவருக்கு இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு மருந்துக் கடைகளில் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் மாத்திரையும் வைட்டமின் ஈ மாத்திரையும் கிடைக்கின்றன. மூன்றுக்கும் சொல்லப்படும் காரணம், அவை ஆன்டிஆக்சிடன்ட், அதாவது செல்லைச் சேதப்படுத்தி அழற்சியைத் தூண்டும் ஆக்சிஜனேற்றப் பொருள்களை அடக்குபவை என்பதே. சோதனைக் குழாயில் மூன்றும் அவ்வாறே செயல்படுகின்றன; ஆனால் உண்ட பொருளில் எவ்வளவு கொழுப்புத் திசுவைச் சென்றடைகிறது, அங்கே எதைத் தடுக்கிறது என்பதைக் கொண்டே அவற்றை ஒப்பிட வேண்டும்.

கொழுப்புச் செல் வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. உண்ட மிகுதியைச் சேர்த்துச் சேர்த்து அது பருக்கும்போது ஆக்சிஜன் போதாமல் நெருக்கடிக்கு உள்ளாகி, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போநெக்டின் என்னும் ஹார்மோனின் சுரப்போ குறைகிறது. பருமனான விலங்குகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் ஆல்ஃபா மிகுந்திருப்பது 1993-இலும், அத்திசுவுக்குள் மேக்ரோபேஜ் என்னும் பாதுகாப்பு அணுக்கள் திரள்வது 2003-இலும் வெளியாயின. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் ஆக்சிஜனேற்றப் பொருள்களை உண்டாக்கும் நொதியையே மருந்தால் அடக்கியபோது அடிப்போநெக்டின் சுரப்பு சீரடைந்ததைக் காட்டினார்கள். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பதற்கு இது நல்ல சான்று. உருவான பிறகு ஆக்சிஜனேற்றப் பொருளைத் தேடிப் பிடித்து அழிப்பது வேறு வேலை. பெரும்பாலான மாத்திரைகள் அந்த இரண்டாம் வேலையைத்தான் செய்ய முயல்கின்றன.

இலக்கைச் சென்றடைவதில் வைட்டமின் ஈ-க்கு நிகரில்லை. அது கொழுப்பில் கரைவது. உடலிலுள்ள வைட்டமின் ஈ-யின் பெரும்பகுதி கொழுப்புத் திசுவிலேயே தங்குகிறது. ஆனாலும் பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை. நாளுக்கு 400 யூனிட் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் மாரடைப்பு குறையவில்லை என்று 2000-இல் தெரிந்தது. அதே அளவை உட்கொண்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாக வந்தது என்று 2011-இல் மற்றோர் ஆய்வு அறிவித்தது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வோ, உடற்பயிற்சியுடன் வைட்டமின் சி-யையும் ஈ-யையும் மாத்திரையாக உட்கொண்ட இளைஞர்களுக்கு அப்பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் முன்னேற்றமே வராமல் போனதைக் காட்டியது. காலையில் கோவை வாலாங்குளக் கரையில் நடந்துவிட்டு வந்து இந்த மாத்திரையை விழுங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. சர்க்கரை நோயில்லாத, கல்லீரல் கொழுப்பு அழற்சி உள்ளவர்களுக்கு மட்டும் 800 யூனிட் பயன் தந்ததாக 2010-இல் ஒரு நல்ல ஆய்வு வெளியானது; அது மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து.

மஞ்சளின் கதை நேர் எதிரானது. செல் வளர்ப்பிலும் எலிகளிலும் குர்குமின், அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி என்னும் புரதத்தை அடக்குகிறது. ஆனால் வாய்வழி உண்ட குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் ஏறுகிறது. 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வில் 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது அந்த ஏற்றம் இருபது மடங்கானது. ரசத்தில் மிளகும் மஞ்சளும் சேர்ந்திருப்பதால் நம் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று மகிழ்வதற்கு முன் ஒரு சிறு கணக்கு: மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு, ஒருவர் நாளுக்கு 2 கிராம் தூள் உண்டாலும் 60 மில்லிகிராம்தான் உள்ளே போகிறது. 2012-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த 240 பேரில் ஒரு பாதியினருக்குக் கொடுத்தது நாளுக்கு 1,500 மில்லிகிராம். ஒன்பது மாதத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை உண்டவர்களில் 16.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது, குர்குமின் உண்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை, அடிப்போநெக்டினும் உயர்ந்தது. வியக்கத்தக்க முடிவுதான், ஒரே ஆய்வு என்பதால் நான் அதை எச்சரிக்கையோடே ஏற்கிறேன். உறிஞ்சுதலைக் கூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது என்பதையும், பைப்பரின் வேறு மருந்துகளின் இரத்த அளவையும் மாற்றக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளுக்குச் சமையலில் உள்ள மதிப்பு இவற்றால் குறைவதில்லை. மருந்து அளவு அதில் இல்லை, அவ்வளவே.

கொள்ளுக்கு மனிதர்களிடம் நடந்த இத்தகைய பெரிய ஆய்வு எதையும் என்னால் சான்றாகக் காட்ட இயலாது. ஆனாலும் மூன்றில் நான் முதலிடம் தருவது அதற்கே. பாலிஃபீனால்கள் என்னும் ஆன்டிஆக்சிடன்ட்கள் பெரும்பாலும் அதன் தோலில் இருப்பதால், ஊறவைத்த நீரிலும் வேகவைத்த நீரிலும் அவற்றில் ஒரு பகுதி இறங்கிவிடுகிறது. கொள்ளுப் பருப்பைக் கடைந்துவிட்டு, வெந்த தண்ணீரை வீணாக்காமல் ரசம் வைக்கும் நம் ஊர் வழக்கம் அதை மீட்டுக்கொள்கிறது. ஆன்டிஆக்சிடன்டைவிட முக்கியமானவை அதிலுள்ள நார்ச்சத்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலான புரதமும். அவை பசியை நெடுநேரம் தள்ளிவைப்பதால், இரவு உணவில் சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளு வரும்போது செல்லின் பருமனையே குறைக்க வழி பிறக்கிறது. சோற்றைக் குறைக்காமல் கூடுதலாகக் கொள்ளும் உண்டால் அந்தப் பலன் இல்லை. யூரிக் அமிலம் மிகுந்தவர்களும் சிறுநீரக நோயாளிகளும் எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சளை அன்றாடம் பயன்படுத்துவோர் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்னும் நச்சு நிறமி சேர்க்கப்படும் கலப்படத்தின் வாய்ப்பைக் குறைக்க, மிகப் பளிச்சென்று இல்லாத விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எளிது.