கூரையில் ஒட்டிய சில்வர் தாளும் என் இரண்டரை இலட்சமும்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று எழும்பிவிட்டால் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. (வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: கொறிக்கிற நிலக்கடலைக் கச்சான் இல்லை, மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று.) எங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் சீற். 1978 சூறாவளியில் ஓடுகள் பறந்த பிறகு அப்பா போட்டது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மத்தியானம் ஈரச் சீலையை நெஞ்சில் போட்டுக்கொண்டு விறாந்தையில் கிடப்பார்.

ஏசி போடலாம்தான். ஆனால் மாதம் 180 அலகைத் தாண்டினால், மேலே வரும் ஒவ்வொரு அலகுக்கும் ஆகக் கூடிய விலை. எங்களுக்கு ஏற்கெனவே 140 வருகிறது. கரண்டை எரித்து அறையைக் குளிராக்குவதைவிட, சூட்டைக் கூரையிலேயே மறித்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தத் தம்பி படலையைத் தட்டினார்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் ஒரு பெட்டி. "அம்மா, உங்கட வீட்டப் பசுமை வீடா மாத்தித் தாறம்" என்றார். பெட்டிக்குள் ஒரு குண்டு பல்ப். அதைப் போட்டு, அரை அடி கீழே அம்மாவின் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. பிறகு பல்புக்கும் கைக்கும் நடுவில் ஒரு சில்வர் தாளைப் பிடித்தார். இரண்டு பக்கமும் மினுங்கும் தாள், நடுவில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் பஞ்சு மாதிரிப் போம். சூடு நின்றது. அம்மா என்னைப் பார்த்து, "செய்வம் மனே" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன்.

சதுர அடி 220 ரூபா. அவர்களே அளந்து 1,180 சதுர அடி என்று எழுதினார்கள். மொத்தம் 2,59,600. பாதிக் காசு முன்பணம், மீதி வேலை முடிந்த கையோடு. பத்து வருட உத்தரவாதம். கூடவே இலவசமாக, கரண்ட் பில்லை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் என்று ஒரு குட்டிப் பெட்டி. பிளக்கில் செருகினால் பச்சை லைட் எரியும்.

மூன்று பெடியன்கள் வந்து ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்கள். எல்லாம் சீலிங்குக்கு மேலே, இருட்டுக்குள். "மேல ஏறாதீங்க அண்ணா, சீலிங் உடையும்" என்றார்கள். நானும் ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி இந்த இடத்தில் என்மேலேயே வந்தது. கூரை ஓரத்தில் கம்பி கட்டுவதற்கு என்று சீற்றில் ஆறேழு ஓட்டை போட்டார்கள், தண்ணீர்கூடத் தெளிக்காமல். அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்று பலருக்கும் தெரியும். பசுமை வீடு செய்ய வந்தவர்கள் அம்மாவின் கட்டிலுக்கு மேலேதான் அந்தத் தூசியைக் கொட்டினார்கள்.

முதல் கிழமை, குளிர்ந்த மாதிரித்தான் இருந்தது. காசு கொடுத்தால் அப்படித்தான் இருக்கும் போல. மகன்தான் ஒரு வெப்பமானி கொண்டுவந்தான். தாள் ஒட்டாத சாமான் அறையில் பகல் இரண்டு மணிக்கு 36 பாகை. அம்மாவின் அறையிலும் அதே 36. மறுநாளும் அப்படியே.

தொலைபேசி எடுத்தேன். "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணா, செற் ஆகும்" என்றார்கள். தாள் செற் ஆகுமாம்! மூன்றாம் மாதம் பசை இளகி, சீலிங்குக்கு மேலே தாள் தொப்பென்று விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. மறுகா மார்கழி மழையில் அந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் வந்தது. இப்போது அந்த இலக்கம் வேலை செய்வதில்லை.

பக்கத்து வளவு மேசன் மாமாவைக் கூப்பிட்டேன். டோர்ச்சோடு ஏறியவர் இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார். "மனே, மினுங்குற பக்கத்தச் சீற்றோட ஒட்டி வச்சிருக்கானுகள். அது மினுங்கி என்ன, மினுங்காட்டி என்ன?"

அதுதான் விஷயம். சில்வர் தாள் போர்வை மாதிரி வேலை செய்வதில்லை. சூடான கூரை கதிராக வீசும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தன் பங்குக்கும் வெப்பத்தைக் கொஞ்சம்தான் வெளியே விடும். இரண்டுக்கும் மினுங்கும் பக்கம் காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஓர் அங்குல இடைவெளியாவது வேண்டும். சீற்றில் அப்பிவிட்டால் சூடு தொட்டுக் கடத்தப்பட்டு நேரே இறங்கும். மிஞ்சுவது போம் மட்டும். அந்தத் தம்பி காட்டிய பல்பை நினைத்துப் பாருங்கள். பல்புக்கும் தாளுக்கும் நடுவே காற்று இருந்தது. என் கூரையில் அதைத்தான் காணவில்லை.

போமும் 10 மில்லிமீற்றர் இல்லை. மகன் அடிமட்டம் வைத்துப் பார்த்தான், 4. தாள் ஒரு பக்கம்தான் சில்வர். கூரையை நானும் மாமாவும் நாடா பிடித்து அளந்தோம்: 910 சதுர அடி. இல்லாத 270 சதுர அடிக்கு மட்டும் 59,400 ரூபா கொடுத்திருக்கிறேன்.

இலவசப் பெட்டியையும் உடைத்துப் பார்த்தோம். ஒரு கப்பாசிற்றர் (கரண்டைக் கொஞ்சம் தேக்கித் திருப்பி விடும் சின்னச் சாமான்), ஒரு குட்டி லைட். வீட்டு மீட்டர் எண்ணுவது நாம் செலவழிக்கும் அலகை. கப்பாசிற்றர் அதைக் குறைக்காது. பச்சை லைட் எரிகிற கரண்டுக்கும் நான்தான் கட்டியிருக்கிறேன்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். முதல் கேள்வியே பற்றுச்சீட்டு பற்றியது. கடையில் விற்கும் பில் புத்தகத்தில் எழுதிக் கொடுத்த துண்டுதான் என்னிடம் இருந்தது. முகவரி இல்லை, பதிவு இலக்கம் இல்லை. உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் வாசித்தேன். உத்தரவாதம் தாளுக்கு மட்டுமாம், பசைக்கும் வேலைக்கும் இல்லையாம். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். காசு வரும் என்று நம்பவில்லை.

பிறகு மாமாவைக் கொண்டே அம்மாவின் அறைக்கும் ஹோலுக்கும் மட்டும் செய்தோம். இரண்டு பக்கமும் மினுங்கும் தாளை நானே கடையில் பார்த்து, அளந்து வாங்கினேன். சீற்றைத் தாங்கும் கைமரத்துக்குக் கீழே இழுத்து அடித்தார், சீற்றில் முட்டாமல். மேல்பக்கத்தில் தூசி படிந்தால் அந்தப் பக்கம் மங்கிவிடும், கீழ்ப்பக்கம் மினுங்கிக்கொண்டே இருக்கும் என்றார். இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் துளை விட்டு வலை அடித்தோம், சூட்டுக் காற்று வெளியேற. கூலியோடு 38,000. சாமான் அறை 36 காட்டிய ஒரு நாள் அம்மாவின் அறை 33.5. குளிர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா இப்போது மத்தியானம் கட்டிலில் படுக்கிறார்.

பழைய தாளில் கோழிக்கூட்டுக்குப் பக்கச் சுவர் வைத்திருக்கிறோம்.

போன கிழமை களுவாஞ்சிகுடியிலுள்ள மாமி வீட்டுக்கும் ஒருவர் இதே மாதிரிக் குண்டு பல்போடு போயிருக்கிறார். என் கதை தெரிந்த மாமி கேட்டாராம்: "தாள எங்க தம்பி அடிப்பீங்க, சீற்றிலயா, கைமரத்துக்குக் கீழயா?" பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லையாம்.