எல்லையோரக் கடைக்கு எந்தக் கணக்கு மென்பொருள்? இன்வாய்ஸ் இறக்குமதி குறித்த ஓர் ஒப்பீடு

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கடையின் பில்களில் சில குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும். சில கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் போகும். சரக்கு ஒன்றே, வரியும் 5 சதவீதமே. ஆனால் தமிழ்நாட்டுக்குள் அது சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5 என இரண்டாகப் பிரியும். கேரளத்துக்குப் போனால் முழுவதும் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான வரி) ஆகிவிடும். எனவே எக்செல் தாளில் கிடக்கும் இன்வாய்ஸ்களைத் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) கணக்கு மென்பொருள் ஒன்றுக்குள் கொண்டுவர நினைக்கும் எல்லையோர வணிகர், கோப்பு எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்று பார்ப்பதற்கு முன், வரி தவறான பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் மென்பொருள் அதைப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

முதலில் க்னூகேஷ். இது ஒரே கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடியது. சர்வர் வேண்டாம், சந்தா இல்லை. இன்வாய்ஸ்களை சிஎஸ்வி (காற்புள்ளி போன்ற குறியால் பிரித்த எளிய எழுத்து) கோப்பாக ஏற்கும் வசதி இறக்குமதிப் பட்டியலிலேயே உள்ளது. கோப்பில் 22 நெடுவரிசைகள் குறித்த வரிசைமுறையில் இருக்க வேண்டும். பயன்படாதவற்றைக் காலியாக விடலாம், ஆனால் அவற்றின் இடத்தை விட்டுவிட முடியாது. ஒரு இன்வாய்ஸில் மூன்று சரக்குகள் இருந்தால் ஒரே எண்ணுடன் மூன்று வரிசைகள் எழுதப்படும். வாடிக்கையாளரின் எண், வருமானக் கணக்கின் முழுப்பெயர், வரி அட்டவணையின் பெயர் ஆகியவை புத்தகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். பதிவுத் தேதியைக் காலியாக விட்டால் இன்வாய்ஸ் பதிவாகாமல் திருத்தத்துக்குத் திறந்தே இருக்கும். முதல் முறை இறக்குமதி செய்பவர் கட்டாயம் அப்படி விடுவதே நல்லது.

க்னூகேஷின் வரி அட்டவணை ஒன்றுக்குள் பல வரிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனிக் கணக்குக்கு அனுப்ப முடியும் என்பதால், உள்மாநிலத்துக்கு ஓர் அட்டவணை, வெளிமாநிலத்துக்கு ஓர் அட்டவணை என இரண்டைச் செய்துகொண்டால் எழுதும் வேலை முடிந்தது. ஆனால் எந்த வரிசைக்கு எது என்பதைக் கோப்பைத் தயாரிப்பவரே சொல்ல வேண்டும். பாறசாலைக் கடைக்காரருக்கு எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தாலும் க்னூகேஷ் மறுபேச்சின்றி எழுதிக்கொள்ளும். ஜிஎஸ்டி எண்ணுக்கோ எச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீட்டுக்கோ அதில் தனி இடம் கிடையாது. குறிப்புகளில் எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். இதற்கு ஒரு வழி உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32) என்பதால், அந்த இரண்டை மட்டும் பிரித்தெடுத்து அட்டவணைப் பெயரை நிரப்பும் சூத்திரம் ஒன்றை எக்செல்லிலேயே எழுதிவிடலாம்.

ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளரிடம் அந்தச் சூத்திரம் வேலை செய்யாது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐஜிஎஸ்டி சட்டத் திருத்தத்தின்படி, பதிவு பெறாத ஒருவருக்குச் சரக்கு விற்கும்போது இன்வாய்ஸில் அவருடைய முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரியே வழங்கலிடம் (எந்த வரி என்பதைத் தீர்மானிக்கும் இடம்) ஆகும். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். ஆகவே எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் எக்செல் தாளில் மாநிலத்துக்கென ஒரு நெடுவரிசை இருந்தாக வேண்டும். எல்லையிலிருந்து தொலைவில் இருக்கும் ஊர்க்காரர்கள் இதை அலட்சியம் செய்யலாம், நம்மால் முடியாது.

சர்வரில் ஓடும் மற்றொரு திறமூல மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட் இங்கேதான் வேறுபடுகிறது. இந்திய வரிவிதிகளுக்கான இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற துணைச் செயலியையும் சேர்த்து நிறுவினால், ஜிஎஸ்டி எண்ணின் சரிபார்ப்பு எழுத்தையும் சோதிக்கும். மாநிலங்களுக்கிடையிலான விற்பனையில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருந்தால் அந்த இன்வாய்ஸை ஏற்க மறுக்கும். எக்செல் கோப்பை அப்படியே ஏற்கும். மாதிரிக் கோப்பையும் அதுவே தரும். ஒரே இன்வாய்ஸின் இரண்டாவது சரக்கு முதல், வாடிக்கையாளர், தேதி போன்ற தலைப்பு நெடுவரிசைகளைக் காலியாக விட வேண்டும். வரிகள் இன்வாய்ஸுக்குள் தனி உள்பட்டியலாக இருப்பதால் அவற்றுக்கான நெடுவரிசைகளையும் மாதிரியில் சேர்க்கச் சொல்ல மறக்கக் கூடாது.

அதன் கறார்த்தனத்துக்கு விலையும் உண்டு. தேதியை மாற்றும் அனுமதிக் கட்டத்தைக் கோப்பில் நிரப்பாவிட்டால் பழைய பில்கள் எல்லாம் இறக்குமதி செய்த நாளின் தேதியைப் பெற்றுவிடும். அதைவிடத் தொல்லை, இயல்பான அமைப்பில் இன்வாய்ஸ் எண்ணை அது தன் சொந்த வரிசைத் தொடரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கோப்பில் நாம் எழுதிய எண்ணை ஏற்காது. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட, ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைப் படிவத்தில் காட்டிவிட்ட எண் ஒன்றாகவும், புத்தகத்தில் உள்ள எண் வேறாகவும் நிற்கும். சமர்ப்பித்த இன்வாய்ஸைத் திருத்தவும் முடியாது. ரத்து செய்து திருத்திய புதுப் பதிப்புதான் போட வேண்டும். எனவே பழைய ஆண்டுகளின் பில்களை இதற்குள் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வசூலாகாத தொகைகளை மட்டும் அதற்கென்றே உள்ள தொடக்க இன்வாய்ஸ் கருவியின் வழியாக ஏற்றி, புது நிதியாண்டின் ஏப்ரல் 1 முதல் நேரடியாக அதிலேயே பில் போடுவதுதான் சரியான பயன்பாடு.

ஓடூ என்ற மூன்றாவது மென்பொருளின் இறக்குமதித் திரை இவை எல்லாவற்றிலும் நேர்த்தியானது. உண்மையில் ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு, பிழையான வரிசையைச் சுட்டிக் காட்டும், இன்வாய்ஸ்களை வரைவாக வைத்துச் சரிபார்க்கவும் விடும். ஆனால் திறமூலமாகக் கிடைக்கும் கம்யூனிட்டி பதிப்பில் பில் போடும் பகுதி மட்டுமே முழுமையாக உள்ளது. முழுக் கணக்கியல் கட்டணப் பதிப்பில்தான். இருப்புநிலைக் குறிப்பு வேண்டும் என்பவருக்கு இது பாதி வழியில் நின்றுவிடும்.

எச்லெட்ஜர் போன்ற எழுத்துக்கோப்புக் கணக்குகளில் இன்வாய்ஸ் என்ற ஒன்றே இல்லை, பரிவர்த்தனைகள்தான். நிரல் எழுதத் தெரிந்தவர் விதிக்கோப்பு ஒன்றில் மாநிலக் குறியீட்டை வைத்து வரிக் கணக்கைப் பிரித்துவிடலாம்; கடைக் கணக்குப் பிள்ளையிடம் இதை ஒப்படைக்க இயலாது.

எதற்குள் ஏற்றினாலும் கோப்பில் நேரும் சேதங்கள் பொதுவானவை. 1,25,000 என்று காற்புள்ளியுடன் எழுதிய தொகை, காற்புள்ளியால் பிரியும் கோப்பில் மேற்கோள் குறிக்குள் இல்லாவிட்டால் மூன்று நெடுவரிசைகளாக உடைந்துவிடும். க்னூகேஷில் அரைப்புள்ளியைப் பிரிப்பானாகத் தேர்ந்து இதைத் தவிர்க்கலாம். 4-12 என்ற பில் எண்ணை எக்செல் தேதியாக மாற்றும், 0012 என்பதன் முன் பூஜ்ஜியங்களை விழுங்கும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே எழுத்து வகைக்கு மாற்றிவிட வேண்டும். நெய்யாற்றின்கரைக்காரர் தம் கடைப்பெயரை மலையாளத்திலும் நம்மவர் தமிழிலும் எழுதித் தந்திருந்தால், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைக் குறிப்பிட்டுச் சேமிக்காத கோப்பில் இரண்டுமே கேள்விக்குறிகளாகிவிடும்.

கொள்முதல் இன்வாய்ஸ்களையும் கருதினால் தராசு இன்னும் கொஞ்சம் சாய்கிறது. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின்) அறிக்கையோடு நம் கொள்முதலை ஒப்பிட இந்தியா கம்ப்ளையன்ஸில் தனிக் கருவி இருக்கிறது. க்னூகேஷில் அந்த ஒப்பீட்டை எக்செல்லில் நாமே செய்ய வேண்டும். ஒரே கணினி, ஒரே கணக்கர், கையிருப்பைத் தனி நோட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் என்றால் க்னூகேஷும் மாநிலக் குறியீட்டுச் சூத்திரமும் போதும். இருப்பும் இரு மாநில விற்பனையும் உள்ளீட்டு வரியும் (கொள்முதலில் கட்டிய வரி) ஒரே இடத்தில் வேண்டும் என்பவர், சர்வரைப் பராமரிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு இஆர்பிநெக்ஸ்டுக்குப் போகலாம். அதற்கு முன், வாடிக்கையாளர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் மாநிலம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.