பருவக்காற்றுப் பெட்டி: காற்று வந்தது, மழையைத்தான் காணோம்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக வாங்கிய செய்முறைப் பெட்டி இது. கண்ணாடிக் கூண்டு, நிலத்துக்கு ஒரு தட்டில் மணல், கடலுக்கு இன்னொன்றில் தண்ணீர், மேலே 100 வாட் குண்டு பல்பு, இரண்டு வெப்பமானிகள். அதில் ஒன்று உடைந்தே வந்தது. மாற்றித் தந்தார்கள், பத்து நாள் இழுத்தடித்து.

முதல் சோதனைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் மணல் 29 டிகிரியிலிருந்து 41க்கு ஏறிவிட்டது. தண்ணீர் 31ஐத் தாண்டவில்லை. தண்ணீர் சூடேற, அதே எடை மணலைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டுமே! தண்ணீர்ப் பக்கம் ஊதுபத்தியைக் காட்டினால், புகை தாழ்வாக ஊர்ந்துபோய் மணல்மேல் சுருண்டு எழுகிறது. குளிர்காலத்துக்கு மணல் தட்டின் அடியில் பனிக்கட்டி வைக்கச் சொல்கிறார்கள். வைத்தோம், புகை அப்படியே திரும்பிக் கடலுக்குப் போனது.

மகள் கேட்டாள், "சரிப்பா, மழை எங்கே?"

கையேட்டில் பதில் இல்லை. நிலம் கடலைவிடச் சூடாவதால் காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது என்று எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திர ஹாலியேதான்) 1686இல் சொன்ன விளக்கத்தோடு அது நின்றுவிடுகிறது. நிலத்தின் சூடு மட்டும் போதுமென்றால், இந்தியாவில் ஜூலையைவிட மே மாதத்தில்தானே மழை கொட்ட வேண்டும்? பூமி சுழல்வதால்தான் தெற்கேயிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சுழற்சியை இந்தப் பெட்டியில் காட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எழுதவாவது செய்திருக்கலாம்.

ஈரத்தை விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கடலிலிருந்து காற்று சுமந்து வருவது நீராவி. ஈரக்காற்று மேலே எழுந்து குளிர்ந்து மேகமாகும்போது, ஒரு கிலோ நீராவிக்குச் சுமார் 2,500 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் தூக்க, கீழே அழுத்தம் மேலும் குறைய, கடற்காற்று மேலும் இழுபடுகிறது. முதல் மழைக்குப் பிறகு நிலம் குளிர்ந்தும் காற்று ஓயாததற்கு இது முக்கியக் காரணம்.

கடைசியில் நாங்களே தட்டில் வெந்நீர் ஊற்றி, கூண்டின்மேல் பனிக்கட்டி நிரப்பிய எவர்சில்வர் தட்டைக் கவிழாமல் வைத்தோம். இருபது நிமிடத்தில் தட்டின் அடியில் முத்து முத்தாய்க் கோத்து, ஏழெட்டுத் துளி மணலில் விழுந்தது. மகள் கைதட்டினாள்.

5க்கு 3. பல்பை அணைத்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள். சூடான பல்பில் ஒரு சொட்டு பட்டாலும் வெடிக்கும்.