பழைய அம்பாசடரும் ஒரு கண்டன்சரும்

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று சிநேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பதும் அதே மாடல்தான். மைலேஜ், இடவசதி, ஸ்டீயரிங் கனம் இதெல்லாம் அவருக்கே தெரியும். என்னை வருஷக்கணக்கில் வதைத்த ஒரே விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்: சூடானால் நின்றுபோவது.

காலையில் செல்ஃப் தொட்டதும் எடுக்கும். காரைக்குடியில் இருந்து குன்றக்குடி வரை ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு வெயில் ஏறித் திரும்பும்போதுதான் லேசாக இடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் சைலன்சரில் ஒரு 'டப்', அவ்வளவுதான். பானெட்டைத் தூக்கினால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொல்வது ஒன்றே: "பெட்ரோல் பம்ப் சூடாயிருச்சுண்ணே, ஈரத்துணியப் போடுங்க." போடுவோம். அரை மணி நேரத்தில் வண்டி எடுத்துவிடும். துணியால் எடுத்ததா, அரை மணி ஆறியதால் எடுத்ததா என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? இந்த ஈரத்துணி வைத்தியம்தான் கோளாறைக் கண்டுபிடிக்க விடாமல் இத்தனை காலம் இழுத்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, பம்ப் டயாஃப்ரம் மாற்றியாயிற்று, டேங்கைக் கூட இறக்கிப் பார்த்தாயிற்று.

நின்ற அந்த நிமிஷமே, ஆறவிடாமல், பிளக்கில் கரண்டு பார்க்க வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின் இரும்பில் படும்படி வைத்து (கழற்றிய துவாரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்) செல்ஃப் அடித்தால் பொறி நீலமாகப் பளிச்சென்று பாய வேண்டும். பாய்ந்தால் சரி, பெட்ரோல் பக்கம் தேடலாம். எங்கள் வண்டியில் மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், அண்மையில்தான் போட்ட பாயிண்ட் செட் (கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) அதற்குள் கருகி, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தது.

இது கண்டன்சரின் கைவரிசை, பாயிண்டோடு சேர்த்து மாட்டியிருக்கும் சின்ன மின் சாமான். பாயிண்ட் திறக்கும் நொடியில், பிளக்குக்கு உயர் அழுத்தக் கரண்டு தயாரிக்கும் காயிலில் கிளம்பும் மின்சாரத்தை அது வாங்கிக்கொண்டால்தான் பிளக்கில் நல்ல பொறி வரும். அது செத்தால் பொறி பாயிண்டிலேயே அடித்து அதைத் தின்றுவிடும், பிளக்குக்கு மிச்சம்தான் போகும். சூட்டில் மட்டும் செத்து, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் கண்டன்சரும் உண்டு, அதுதான் இந்த நாடகத்துக்கெல்லாம் காரணம்.

சரி, சின்ன சாமான், மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தால் எரிச்சலே அங்கேதான் தொடங்கியது. 'ஒரிஜினல்' என்று பளபளக்கும் அட்டைப்பெட்டியில் வாங்கிப் போட்டது அடுத்த வெயிலுக்குள் போய்ச் சேர்ந்தது. வேறு கடையில் வாங்கியதும் அப்படியே. கடைசியில் தேவகோட்டையில் ஒரு பழைய பட்டறையில், உடைத்துப் போட்ட டிஸ்டிரிபியூட்டரில் இருந்து பிடுங்கிய துருப்பிடித்த கண்டன்சர்தான் இன்றுவரை ஓடுகிறது. புதிதாகச் செய்து விற்கிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா?

வண்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1489 சிசி என்ஜின் இன்னும் தையல் மிஷின் மாதிரிதான் ஓடுகிறது. ஒரு ஸ்குரூ டிரைவரும், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜும் இருந்தால் பாயிண்ட் இடைவெளியை 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) வைத்து, கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்து கிளம்பிவிடலாம். இன்றைய காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரை மாட்டாமல் யாரும் வாயே திறப்பதில்லை. என்ன, 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனதால் நல்ல சாமானுக்கு இப்படி அலைய வேண்டியிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தும், வாங்காதீர்கள் என்றுதான் அவருக்குச் சொல்வேன். இந்த மாதம் எனக்கு இருக்கிற கோபத்தில் வேறு பதில் வராது. கேட்காமல் வாங்கத்தான் போகிறார், தெரியும். அப்படியானால் காலையில் போய்ப் பார்க்க வேண்டாம், நடுப்பகலில் புதுவயல் வரை ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து செல்ஃப் அடியுங்கள். எடுத்தாலும் உடனே பணத்தை நீட்டாமல் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். உள்ளே பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டோடு சேர்ந்து ஆடுகிற சின்ன வயரையும் இழுத்துப் பாருங்கள், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருக்கும்.