உருமியைப் பதிய ஒரு மென்பொருள்: ரீப்பரோடு இத்தனை வருடம்

2021 தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலையில் காவடி இல்லை, மேளமும் இல்லை. கொரோனாவுக்காக மலேசியாவில் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பட்டர்வொர்த்தில் எங்கள் உருமி மேளக் குழுவில் ஒன்பது பேர். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாமல் அடைந்து கிடந்தோம். அவரவர் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று ஓர் இரவு கைப்பேசியில் பேசிக்கொண்டோம். குழுவில் மடிக்கணினி வைத்திருந்தவன் நான்தான். சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

என்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்டபோது, தெரிந்த தம்பிகள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "எஃப்எல் ஸ்டூடியோ போடுங்கண்ணே." ராப் பாட்டுக்குத் தாளம் போடும் பையன்களிடம் இங்கே அதுதான் புழக்கம். பெல்ஜியத்தில் 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஒரு தடவை வாங்கினால், பின்னால் வரும் புதிய பதிப்புகளெல்லாம் ஆயுளுக்கும் இலவசம். வாங்குவதற்கு முன் சும்மா பயன்படுத்தியும் பார்க்கலாம், ஆனால் சேமித்த வேலையை மறுபடி திறக்க வேண்டுமென்றால் வாங்கியாக வேண்டும். அதனால் கணினியை அணைக்காமலே நாள் கணக்கில் வைத்திருந்து ஒரு மாதம் கற்றுக்கொண்டேன். பியானோ ரோல் என்ற கட்டத்தில் சுரங்களை வரைவது, ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டை) வளர்த்துப் பாட்டாக்குவது என்று நான் முதலில் கற்றதெல்லாம் அதில்தான்.

சிக்கல் உருமியில் வந்தது. உருமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறோம், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் உரசுகிறோம். அந்த உரசலில்தான் உறுமல் வருகிறது. எவ்வளவு அழுத்துகிறோம், எவ்வளவு நேரம் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வோர் உரசலும் வேறாகக் கேட்கும். நான் நான்கு உரசல்களைக் கைப்பேசியில் பதிந்து, சாம்பிள்களாக, அதாவது சிறு ஒலித்துண்டுகளாக வெட்டி, கட்டங்களில் வரிசையாக வைத்தேன். தாளம் மயிரிழை பிசகவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர் கேட்டுவிட்டு, "சத்தம் இருக்கு தம்பி, கை இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. ஒரே சாம்பிள் எட்டு முறை அப்படியே திரும்பி வந்தால், உருமி கேட்டு வளர்ந்த காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அப்போதுதான் விளங்கியது. எந்த மென்பொருள் நல்லது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. என் இசை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டிருக்க வேண்டும். சிலருக்குக் கணினிக்குள் இருக்கும் ஒலிகளிலிருந்து தொடங்கும். எனக்குத் தோலிலிருந்தும் தொண்டையிலிருந்தும் தொடங்குகிறது. வெளியிலிருந்து வரும் ஒலியைச் சுலபமாகப் பதிந்து, வெட்டி, ஒட்ட முடிய வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவிலும் மைக்கில் பதியலாம், ஆனால் மலிவான பதிப்பு போதாது, அதைவிட விலை கூடிய புரொடியூசர் பதிப்பு அப்போது தேவைப்பட்டது. எந்த மென்பொருளிலும் வாங்குமுன் பதிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவான பதிப்பில் விட்டுவைத்திருக்கும் வசதிதான் உங்களுக்கு முதல் நாளே தேவைப்படுவதாக இருக்கலாம்.

இடையில் ஒருவர் பென்டிரைவில் "எல்லாம் திறந்தது" என்று ஒரு மூட்டை பிளக்கின்களை (இசை மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்களை) கொடுத்தார். போட்ட மறுநாள் கணினி முழுக்க வைரஸ். விண்டோஸை அழித்துப் போட வேண்டியதாயிற்று, குழுவின் பழைய படங்கள் சில திரும்பக் கிடைக்கவே இல்லை. இசை மென்பொருளில் திருட்டுப் பிரதிக்குத் தேவையே கிடையாது. இலவசமாகவே அவ்வளவு இருக்கிறது.

ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுக்கு வந்தது அதற்குப் பிறகு. வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்காஸ் நிறுவனம் தருவது. 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், எதையும் பூட்டி வைப்பதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு உரிமம் 60 அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் ஏறத்தாழ 250 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நான் வாங்கியபோது 6-ஆம் பதிப்பு. அந்த உரிமம் 7-ஆம் பதிப்புக்கும் செல்லும் என்பதால், 2023-இல் 7 வந்தபோது ஒரு காசும் கூடுதலாகக் கட்டவில்லை.

பழைய மடிக்கணினி, 8 ஜிபி நினைவகம். அதில் இருபது டிராக் (ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தனி வரிசை) வரை திணறாமல் ஓடியது. என்னைப் போல் புதுக்கணினி வாங்க வசதியில்லாமல் தொடங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த முதல் பதிவு எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழிகாட்டித் தாளத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். அதைக் காதில் கேட்டபடி ஒவ்வொருவரும் வாசித்து இன்னொரு கைப்பேசியில் பதிந்தார்கள். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு. அந்தத் தட்டை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன். குரல் செய்தியாக அனுப்பியவர்களின் ஒலி சுருங்கி, ஜால்ரா தகரம் மாதிரி வந்தது. கோப்பாகவே ஏற்றி அனுப்பச் சொன்னபின் சரியானது. ஆறு நிமிடப் பதிவில் கடைசியில் ஒரு கைப்பேசிக்கும் இன்னொன்றுக்கும் மிகச் சிறிய விலகல் வந்தது, ஏனென்றால் ஒவ்வொரு கருவியின் உள்கடிகாரமும் துளி வேறுபடும். ரீப்பரில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு துண்டின் ஓரத்தை இழுத்தால் அது நீளும், குறுகும். அப்படி இழுத்து இழுத்து ஒன்பது பேரையும் ஒன்றாக்கினேன். முழுதாகக் கேட்ட அந்த இரவு எனக்குக் கண் கலங்கியது.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நேரிலேயே பதிகிறோம். இரண்டாம் கையாக 300 வெள்ளிக்கு வாங்கிய, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு வழி ஆடியோ இன்டர்பேஸ், உருமிக்கும் தவிலுக்கும் ஆளுக்கொரு டைனமிக் மைக். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது தாமதத்துக்கு: பாடினால் அரை நொடி கழித்துத் தன் குரலே காதில் விழுகிறது என்பார்கள். மென்பொருளை மாற்றினால் இது போகாது. இன்டர்பேஸின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைத்து ஒலியைக் கடத்தும் மென்பொருளை) போட்டு, பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கும் வேகத்தில் பஃபர் 1024 என்றால் ஒரு வழிக்கு மட்டும் 23 மில்லிவினாடி, 128 என்றால் சுமார் 3 மில்லிவினாடி. பதியும்போது 128, மிக்ஸ் செய்யும்போது (பதிந்ததைச் சமன்செய்து கலக்கும்போது) 1024 என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் வேகம். உருமி மேளம் மெட்ரோனோம் தட்டும் சீரான கிளிக்குக்கு வாசிக்கிற இசை இல்லை. மெதுவாகத் தொடங்கி, காவடி ஆடுகிறவரைப் பார்த்து ஏறும். எங்கள் பதிவு ஒன்று நிமிடத்துக்கு 98 தட்டில் தொடங்கி 131-இல் முடிகிறது. மேளத்தைக் கணினிக்கு ஏற்ப நேராக்கினால் ஏற்றமே போய்விடும். ரீப்பரில் ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து 'இது ஓர் அளவு' என்று குறித்துவிடலாம், திரையில் உள்ள தாளக் கட்டங்கள் நம் வாசிப்புக்கு ஏற்ப வளையும். ஒவ்வொன்றாகக் குறிக்க ஒரு மாலை முழுக்கப் போகும். ஆனால் அதன்மேல் கீபோர்டு சேர்க்கும்போது அது மேளத்தோடே ஓடுகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்புக்கு 7/8 போட்டு, மெட்ரோனோமில் மூன்று, இரண்டு, இரண்டு என்று அழுத்தம் விழுமாறும் மாற்றிக்கொள்ளலாம்.

அக்கா மகள் முருகன் பாட்டுப் பாடுவாள். ஒரே அடியை ஐந்து தடவை பாடவிட்டு நல்லதை மட்டும் எடுத்துக் கோப்பது 7-ஆம் பதிப்பில் மிகவும் எளிதாகிவிட்டது, ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி வரிசையாகத் தெரியும். ஆனாலும் நான் அதிகம் வெட்டுவதில்லை. மூச்சு ஓரிடத்தில் நின்று வேறிடத்தில் தொடங்கினால் பாட்டு உடைகிறது.

குறைகள் உண்டு, பெரிய குறைகள். ரீப்பரோடு வாத்திய ஒலிகளே வராது. வயலின், வீணை, டிரம் எதுவும் இல்லை. வெறும் தச்சுப்பட்டறையும் கருவிகளும்தான், மரம் நாம் கொண்டுவர வேண்டும். நாதஸ்வரத்துக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான மென்பொருள் கருவி அமையவில்லை. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் சக்கரம் வழக்கமாக இரண்டு அரைச்சுரம்தான் வளையும், தோடி ராகத்தின் கமகத்தை (சுர அசைவை) அதில் உருட்டப் பார்த்தால் வழுக்குகிறது. கடைசியில் வாசிப்பவரைக் கூப்பிட்டுப் பதிந்துவிட்டோம். தோற்றமும் வறட்சிதான். அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் முடிவே இல்லாத மாதிரி இருக்கும். முதல் மூன்று வாரம் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு பதிவையே இழந்தேன், அது என் தவறு. புதிய வேலையைச் சேமிக்கும்போது, அதற்கென்று தனிக் கோப்புறை உருவாக்கவும் ஒலிக்கோப்புகளை அதற்குள் நகலெடுக்கவும் இரண்டு பெட்டிகள் இருக்கும். நான் டிக் செய்யவில்லை. ஒலிகள் பதிவிறக்கக் கோப்புறையில் சிதறிக் கிடந்தன. பிறகு ஒரு நாள் அதைச் சுத்தம் செய்தேன். திறந்தபோது டிராக்குகள் எல்லாம் வெறுமை. அந்தப் பதிவில் தவில் வாசித்தவர் இப்போது எங்களோடு இல்லை. அந்த இரண்டு பெட்டிகளையும் முதல் நாளே டிக் செய்துவிடுங்கள்.

மிக்ஸில் நான் நெடுநாள் தடுமாறியது ஒன்றுண்டு. ஹெட்போனில் உருமி அதிரும், கைப்பேசியில் கேட்டால் உருமியே இருக்காது. அந்தச் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த அதிர்வெண்கள் வெளியே வருவதில்லை, எங்கள் பாட்டைக் கேட்பவர்களோ பெரும்பாலும் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். ரீப்பரோடு வரும், ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் சாச்சுரேஷன் விளைவை உருமி டிராக்கில் கொஞ்சமாக ஏற்றினால், உறுமலுக்கு மேலே சுரசுரப்பான மேலொலிகள் சேரும். அதைப் பிடித்துக்கொண்டு காது கீழே இருப்பதையும் கேட்டுவிடுகிறது.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, கையில் என்ன இருக்கிறது என்றுதான். கைப்பேசி மட்டும் என்றால் பேண்ட்லேப், சிங்கப்பூர்க்காரர்களுடையது, இலவசம், பாடிப் பார்க்கப் போதும். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கிறது, ஒலிகளும் கூடவே வரும், வேறு எதையும் தேடாதீர்கள். ராப் எழுதித் தாளம் போட ஆசையென்றால் எஃப்எல் ஸ்டூடியோதான், அந்தக் கட்டங்கள் அதற்கென்றே அமைந்தவை. என் அக்கா மகன் அதைத்தான் வைத்திருக்கிறான், என்னைவிட வேகமாக வேலை செய்கிறான். மைக் வைத்து மேளமோ குரலோ பதியப் போகிறீர்கள், விண்டோஸ் கணினி, பணம் குறைவு என்றால் ரீப்பர். எதை எடுத்தாலும் மூன்று பாட்டை முழுதாக முடிக்கும்வரை அடுத்ததுக்குத் தாவாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனின் தாளத்தை என் ரீப்பருக்குள் கொண்டுவந்து அதன்மேல் உருமி பதிகிறோம். அவன் டிராக்குகளைத் தனித்தனி வேவ் ஒலிக்கோப்புகளாகத் தருகிறான், எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குமாறு. மூத்தவரும் வருகிறார்.